நின்றுபோன திருட்டு

பூலோகம் செத்துப்போய்விட்டதாகத்தான் ஊரில் எல்லோரும் நம்பினார்கள். ஆனால் அவருடைய கட்டைவிரல் மட்டும் பம்பாயில் உயிரோடு இருந்தது. பேங்கிலிருந்து பணமும் எடுத்துக்கொண்டிருந்தது.

இந்தப் புகாரோடுதான் அவர் மனைவி முத்துமாரி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்து, மாட்டுங்காவில் ஸ்ரீலேகாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். மடியில் ஒரு துணிப்பை. யாரோ பிடுங்கிக்கொள்ளப் போவதுபோல அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

ஸ்ரீலேகாவின் துப்பறியும் ஆபீஸ் என்பது, பூ மார்க்கெட்டுக்கு மேலே முதல் மாடியில் இருக்கும் அவள் வீட்டின் முன்னறைதான். ஒரு பேங்கின் மோசடிப் பிரிவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வந்தவள். கணவர் மாதவ் வாஷி பாலத்துக்கு அந்தப் பக்கம், சான்பாடாவில் தனியாக இருக்கிறார். இருவருக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. பேசுவதற்கு ஏதும் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். வந்தவளுக்கு உப்புமா வைத்துக் கொடுக்க, ஸ்ரீலேகா சமையலறையில் இன்னொரு தட்டைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

முத்துமாரி சொன்ன கதை இது. ஊரில் கொஞ்சம் எலுமிச்சைத் தோட்டம். காய்ப்பு இல்லாத மாதங்களில் பூலோகம் பம்பாய்க்கு வந்து கூலி வேலை பார்த்துவிட்டுப் போவார். கொரோனா வந்த வருஷமும் அப்படித்தான் வந்தார். அந்தத் தடவை முத்துமாரியின் தம்பி இசக்கிதுரையையும் கூட்டிக்கொண்டு வந்தார். தாய் தகப்பன் இல்லாத பையனைத் தூக்கி வளர்த்தது அக்காதான். அனுப்ப அவளுக்கு மனசே இல்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று புருஷன் சொன்ன ஒரு சொல்லுக்காக விட்டாள். ஊரடங்கு வந்தது. ரயில் நின்றது. கொஞ்ச நாள் போன் வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. போன இரண்டு பேரும் திரும்பவில்லை. ஊர்க்காரர்கள் ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பம்பாய் தின்றுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அதே வருஷம், பழத்தை ஏற்றி அனுப்ப லாரி இல்லாமல் மரத்தடியிலேயே அழுகவிட்ட விவசாயிகளுக்கு அரசாங்கம் நிவாரணப் பணம் போட்டது. நிலம் பூலோகத்தின் பேரில் இருந்ததால் பணமும் அவர் கணக்கிலேயே தவணை தவணையாக வந்து விழுந்தது. அவர் விரலை வைக்காமல் யாரும் அதைத் தொட முடியாது. முத்துமாரி தொடவும் இல்லை. ஆனால் வேறு யாரோ தொட்டார்கள். கணக்கில் பதிந்திருந்தது முத்துமாரியின் போன் நம்பர். மாதத்துக்கு ஒருமுறை, கட்டைவிரல் வைத்துப் பணம் எடுத்ததாக அதில் மெசேஜ் வந்தது.

ஸ்ரீலேகா போனை வாங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் எடுத்தது நூறு ரூபாய். நிவாரணப் பணம் அநேகமாக அப்படியே கிடந்தது.

ஜன்னலோரம் நின்றிருந்த அல்தாப் எட்டிப் பார்த்தான். அவன்தான் ஸ்ரீலேகாவின் ஒரே உதவியாளன். முப்பத்தைந்து வயது. தாராவியில் பிறந்தவன். பேசுவது திருநெல்வேலித் தமிழ், திட்டுவது ஹிந்தி, படிக்கத் தெரிந்தது மராத்தி.

"இவ்வளவு டீசன்டான திருடனப் பிடிச்சி என்ன செய்யப் போறோம் மேடம்? நூறு ரூவாய எடுத்துட்டு மிச்சத்தப் பத்திரமா வச்சிட்டுப் போறான். பேங்குல வேலைக்குச் சேத்துக்கிடலாம்."

ஸ்ரீலேகா சிரிக்கவில்லை. விரல் அச்சை ரப்பரில் வார்த்து எடுத்துப் பணம் உருவுகிற கும்பல்களை அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் அவர்கள் கணக்கைத் துடைத்துவிட்டுத்தான் போவார்கள். போலீசுக்கோ பேங்குக்கோ ஏன் போகவில்லை என்று முத்துமாரியைக் கேட்டாள். ஆளை மட்டும் கண்டுபிடித்துச் சொன்னால் போதும், போலீஸ் வேண்டாம் என்றாள் முத்துமாரி. சாயங்காலம் குர்லா டெர்மினஸில் அவளுக்குத் திரும்புகிற வண்டி. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மறுபடியும் பையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

பழைய பேங்க் சிநேகிதி ஒருத்திக்கு ஸ்ரீலேகா போன் போட்டாள். பணம் எடுத்த மெஷின் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. தாராவி, தொண்ணூறு அடி ரோடு, நாகூர் மீரானின் ரீசார்ஜ் கடை. முத்துமாரியை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள்.

நாகூர் மீரானின் கடை ஒரு அலமாரி அளவுதான் இருந்தது. அதற்குள் அவரும், ஒரு மின்விசிறியும், விரல் வைக்கிற சின்ன மெஷினும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். பேங்கு பேச்சை எடுத்ததும் மீரானின் முகம் சுருங்கியது. அல்தாப் நடுவில் புகுந்து, இந்த மேடம் யாரையும் உள்ளே வைக்க மாட்டாங்க, என் சம்பளத்தை மட்டும்தான் உள்ளே வைப்பாங்க என்று சொன்ன பிறகு அவர் கொஞ்சம் இளகினார்.

பூலோகம் என்ற பெயரைக் கேட்டதுமே அவருக்கு ஆள் தெரிந்துவிட்டது. ஐம்பது வயதுக்குள் இருக்கும், ஒல்லியான மனிதர். கை இரண்டும் வெளுத்து, தோல் உரிந்து கிடக்கும். மாதம் ஒருதரம் வருவார். விரலை வைப்பார், நூறு ரூபாய் கேட்பார். வாங்கிய பிறகும் உடனே போகமாட்டார்.

"ரூவாய எண்ணிக்கூடப் பாக்க மாட்டாரும்மா," என்றார் மீரான். "மெசேஜ் போயிருக்கும்லா பாய்னு கேப்பாரு. ஒவ்வொரு தடவையும் கேப்பாரு. போயிருக்கும், உங்க போனக் குடுங்க, பாத்துச் சொல்லுதேன்னேன். எங்கிட்ட போனே இல்லைன்னுட்டாரு."

ஸ்ரீலேகா அல்தாபைப் பார்த்தாள்.

தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் மெஷின் அவர் விரலை வாங்க மறுத்துவிட்டது. மீரான் துடைத்துப் பார்த்தார், வாசலின் தடவிப் பார்த்தார். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். சிவப்பு விளக்குதான் எரிந்தது. ரேகை தேய்ந்துவிட்டது, ஆதார் சென்டரில் போய்ப் புதிதாகப் பதிந்துவிட்டு வாருங்கள் என்று மீரான் சொல்லி அனுப்பினார். அவர் போய்விட்டு வந்தார். ஊரைக் கேட்கிறார்கள், போன் நம்பரைக் கேட்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். அடுத்த நாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். காட்கோபர் வரைக்கும் கடை கடையாக ஏறி விரல் வைத்துப் பார்த்ததாகச் சொன்னார். கடைசியாக வந்தபோது மெஷின் பக்கமே வரவில்லை. கடைப் படியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய்விட்டார். பொங்கலுக்குப் பிறகு ஆளைக் காணோம்.

"பத்து விரலும் ஃபெயிலா," என்றான் அல்தாப். "நான் பத்தாங்கிளாசுலயே அஞ்சு பாடம்தான் ஃபெயில்."

அவர் கையில் என்ன வாசனை அடிக்கும் என்று ஸ்ரீலேகா மீரானைக் கேட்டாள். மீரான் யோசித்துவிட்டு, எண்ணெய்ச் சிக்கும் சோடாக்காரமும் சேர்ந்த வாசனை என்றார்.

ரோட்டுக்கு வந்ததும் ஸ்ரீலேகா ஒரு பேக்கரி நிழலில் நின்றுவிட்டாள். பங்குனி வெயில் தகரக் கூரைகளின்மேல் பளபளத்தது. ரோடு முழுக்க ஜனம். அத்தனை ஜனத்துக்கும் போவதற்கு ஓர் இடம் இருந்ததுபோலத் தெரிந்தது.

"ரப்பர் விரல் தேயாது அல்தாப்," என்றாள். "தேஞ்சு போயிருக்குன்னா அது அசல் விரல். பணம் எடுத்தது பூலோகமேதான். அவருக்குப் பணம் வேண்டாம். அந்த மெசேஜ் ஊருக்குப் போகணும், அதுக்குத்தான் நூறு ரூபா."

"அப்ப முத்துமாரி அக்காவுக்கு இது தெரியாதா?"

அந்தக் கேள்விதான் ஸ்ரீலேகாவைக் காலையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது. எந்த இடத்தில் உறுத்தியது என்பது இப்போதுதான் பிடிபட்டது. போனை எடுத்துத் தன் வீட்டு நம்பருக்கே போட்டாள். மணி ரொம்ப நேரம் அடித்த பிறகு முத்துமாரி எடுத்தாள்.

"முத்துமாரி, ஒண்ணு கேக்கறேன். கடைசி மெசேஜ் தீபாவளிக்கு முன்னாடி வந்திருக்கு. திருட்டு நடந்துண்டு இருந்தப்போல்லாம் நீங்க வரலை. அது நின்னப்புறம் கிளம்பி வந்திருக்கேள். ஏன்?"

மறுமுனையில் பூ மார்க்கெட்டின் இரைச்சலுக்கு நடுவே முத்துமாரி மெதுவாகப் பேசினாள்.

"மெசேஜ் வந்தா அவிய இருக்காவன்னு அர்த்தம் மேடம். மாசத்துக்கு ஒருக்க அந்தச் சத்தம் கேக்கும். அது போதும்னுதான் இருந்தேன். இப்பம் கேக்கலை."

"காலைலயே சொல்லியிருக்கலாமே."

"திருடன்னா தேடிக் குடுங்கன்னு கேட்டுறலாம். வேண்டாம்னு போனவியள எப்படித் தேடச் சொல்லுதது?"

சான்பாடாவிலிருந்து அவளுக்கு அப்படிப்பட்ட சத்தம் எதுவும் வருவதில்லை. வந்திருந்தால் தானும் அதை வைத்துக்கொண்டே காலத்தைத் தள்ளியிருப்போமோ என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பை ஒதுக்கிவிட்டு, சாயங்காலத்துக்குள் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். விரல் தேய்ந்ததைச் சொல்லவில்லை. பொங்கலுக்குப் பிறகு அந்த மனிதரை யாரும் பார்க்கவில்லை என்பதும் சேர்ந்தல்லவா அந்தச் செய்தி. அரைகுறையாக நம்பிக்கை கொடுப்பதற்கு அவளுக்குத் துணிவில்லை.

எண்ணெய்ச் சிக்கும் சோடாக்காரமும் என்றால் தாராவிக்காரனுக்கு வழி கேட்க வேண்டியதில்லை. அல்தாப் ஸ்கூட்டரைச் சந்துக்குள் விட்டான். பழைய எண்ணெய் டின்களை வாங்கி, கொதிக்கும் காரத் தண்ணீரில் முக்கிக் கழுவி, நெளிவெடுத்து மறுபடியும் விற்கிற பட்டறைகள் வரிசையாக இருந்தன. மூன்றாவது பட்டறையின் சொந்தக்காரர் பிச்சையா, பூலோகம் என்றதும் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

நாலு வருஷத்துக்குமேல் தன்னிடம்தான் வேலை பார்த்தார் என்றார். ராத்திரியும் பட்டறையிலேயே படுக்கை. யாருடனும் ஒட்டமாட்டார். தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்குப் போவார்கள், அவர் மட்டும் டின்களோடு இருப்பார். பொங்கல் முடிந்ததும் ஒருநாள் திடீரென்று வேலையை விடுகிறேன் என்றார். கூலியைக் கூட்டித் தருவதாகச் சொல்லியும் கேட்கவில்லை. பிச்சையாவுக்கு அந்த வருத்தம் இன்னும் இருந்தது.

"என்னடே குறைன்னு கேட்டேன். ஒரு குறையுமில்ல அண்ணாச்சி, கை நனையாத வேலையா வேணும்னான். இந்தப் பம்பாயில கை நனையாத வேலை மந்திரிமாருக்குத்தான் இருக்குன்னு சொன்னேன். சிரிக்கக்கூட இல்ல."

எங்கே போனார் என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. செம்பூரில் ஏதோ கோயிலில் வேலை என்று யாரோ சொன்னதாக மட்டும் ஞாபகம்.

ஸ்ரீலேகாவின் மனசில் முடிச்சு அவிழ்ந்தது. காரத் தண்ணீரில் முக்காமல் இருந்தால் தோல் வளரும். தோல் வளர்ந்தால் ரேகை திரும்பும். ரேகை திரும்பினால் மெஷின் பச்சை விளக்குக் காட்டும். சோறு போட்ட வேலையை அந்த மனிதர் அதற்காகத்தான் விட்டிருக்கிறார்.

"விரலுக்கு லீவு குடுத்திருக்காரு," என்றான் அல்தாப். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தான். சொல்லி முடிக்கும்போது அவன் குரல் இறங்கியிருந்தது.

செம்பூர் போகும் வழியெல்லாம் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தபடி ஸ்ரீலேகா யோசித்துக்கொண்டு வந்தாள். கோயிலில் கை நனையாத வேலை எது? மடைப்பள்ளி கிடையாது. தரை கழுவுவதும் கிடையாது. பூக்கடையில் நாள் முழுக்கத் தண்ணீர் தெளிக்க வேண்டும். தேங்காய் உடைத்தால் கையில் இளநீர் வழியும். அபிஷேகத்துக்குக் குடம் தூக்குகிற இடத்தில் கேட்கவே வேண்டாம். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து சிக்னலில் அல்தாபின் தோளைத் தட்டினாள்.

"உள்ளே எங்கேயும் தேட வேண்டாம். செருப்பு வைக்கற எடத்துக்குப் போ."

இரண்டு கோயில்களில் ஆள் வேறாக இருந்தது. மூன்றாவது கோயிலில் மத்தியான நடை சாத்தியிருந்தார்கள். வாசலுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. உள்ளே சாமி கும்பிட ஆளில்லாத நேரத்திலும் மறந்துபோன சில ஜோடிச் செருப்புகள் தட்டுகளில் இருந்தன. அவற்றுக்கு நடுவே ஒல்லியான ஒருவர் உட்கார்ந்திருந்தார். வலது கட்டைவிரலில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. துணியில் தேங்காய் எண்ணெய் ஊறியிருந்தது.

ஸ்ரீலேகா செருப்பைக் கழற்றி நீட்டினாள். அவர் இடது கையால் வாங்கி வைத்து, இடது கையாலேயே டோக்கனை எடுத்துக் கொடுத்தார். வலது கையை மடியைவிட்டு எடுக்கவில்லை.

"பூலோகம் அண்ணாச்சி," என்று கூப்பிட்டான் அல்தாப்.

அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரை ரொம்ப நாளாகக் கூப்பிடவில்லை போலிருக்கிறது. அவர் நிமிர்ந்து பார்க்கவே நேரம் பிடித்தது. பேங்கிலிருந்து வந்திருக்கிறார்களா என்று கேட்டார். முத்துமாரியிடமிருந்து வந்திருக்கிறோம் என்று ஸ்ரீலேகா சொன்னாள். அவர் எழுந்து நின்றார். நின்றபடியே கொட்டகைக் கம்பைப் பிடித்துக்கொண்டார்.

"மெசேஜ் வராமப் பயந்துட்டாளா?" என்றார்.

ஆமாம் என்றாள் ஸ்ரீலேகா. முத்துமாரி இதே ஊரில் இருக்கிறாள், சாயங்காலம் குர்லாவில் ரயிலேறுகிறாள் என்பதையும் சொன்னாள். ஓடிவிடுவாரோ என்று பயந்துதான் சொன்னாள். அவர் ஓடவில்லை. அப்படியே செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததை அவர் சொல்லத் தொடங்கினார்.

ஊரடங்கில் பட்டறை மூடிக்கிடந்தது. இசக்கிதுரைக்குக் காய்ச்சல் கண்டது. ஆம்புலன்ஸ் வந்து பையனை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. இவரை ஏறவிடவில்லை. பின்னாலேயே நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். வாசலைத் தாண்ட முடியவில்லை. சில நாள் கழித்து, பையன் போய்விட்டான் என்று ஒரு காவலாளிதான் சொன்னான். ஊருக்குப் போன் பேச மூன்று தடவை நம்பரை அழுத்திவிட்டு வைத்துவிட்டார். அப்புறம் போனையே விற்றுவிட்டார். ரயில் ஓடத் தொடங்கியபோதும் ஏறவில்லை.

"அவ வேண்டாம்னுதான் சொன்னா. நான்தான் பாத்துக்கிடுதேன்னு கூட்டியாந்தேன்," என்றார். "நான் மட்டும் போயி நின்னா, தம்பி எங்கன்னு கேப்பால்லா? ரெண்டுபேரும் எங்கயோ சேந்து இருக்கோம்னு நெனச்சிக்கிடட்டும். அதுக்குத்தான் மாசாமாசம் விரல வச்சேன். அவன் இருக்கான்னே அவ நெனச்சிட்டுப் போட்டும் மேடம். சொல்லிராதிய."

ஸ்ரீலேகாவுக்கு இது புதிய சங்கடம். ஆளைக் கண்டுபிடிப்பதுவரைதான் அவள் வேலை. கண்டுபிடித்த இடத்தில் ஒரு சாவும் சேர்ந்து கிடந்தால் அதை என்ன செய்வது? அல்தாபைப் பார்த்தாள். அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தாயைப்போல வளர்த்தவளிடம் அந்தச் செய்தியைப் போனில் சொல்வதா, மறைப்பதா? இரண்டுமே அவளால் ஆகாது. ஆனால் பூலோகம் உயிரோடு இருப்பதை மறைக்க அவளுக்கு உரிமை இல்லை. அவரிடம் அதைச் சொல்லிவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு வீட்டு நம்பரை அழைத்தாள். இந்தத் தடவை முதல் மணியிலேயே முத்துமாரி எடுத்தாள்.

பூலோகம் இருக்கிறார், நல்லபடியாக இருக்கிறார், விரல் ரேகை தேய்ந்ததால்தான் பணம் எடுக்க முடியவில்லை என்று ஸ்ரீலேகா சொன்னாள். அவர் உங்களிடம் சொல்ல முடியாத ஒரு விஷயம் இருக்கிறது, அதனால்தான் வரவில்லை என்றும் சொன்னாள். பூலோகம் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"தம்பி விசயமா?" என்றாள் முத்துமாரி.

ஸ்ரீலேகா பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"அது எனக்குத் தெரியும் மேடம். ஆஸ்பத்திரிலேருந்து மொதல்ல எனக்குத்தான் போன் வந்துது. அவன் குடுத்த நம்பர் என் நம்பரு. ஹிந்தியில சொன்னாவ. எனக்குப் புரியல. பம்பாயில இருந்துட்டு வந்த பக்கத்து வீட்டு ஆள் வாங்கிக் கேட்டுச் சொன்னாவ. அவியளுக்கு எப்படிச் சொல்லுததுன்னு நான் போனப் போட்டுக்கிட்டே இருந்தேன். எடுக்கவே இல்ல."

பூலோகத்தின் கை காற்றில் அப்படியே நின்றது. அவள் கேட்டுவிடக் கூடாது என்று நாலைந்து வருஷமாக டின்களுக்கு நடுவில் ஒளித்து வைத்த செய்தி, அவருக்கு முன்பே அவளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவள் அதைத் தனியாக வைத்துக்கொண்டு அங்கே இருந்திருக்கிறாள். இவர் அதையே தனியாக வைத்துக்கொண்டு இங்கே இருந்திருக்கிறார். பிறகு தலையைக் கவிழ்த்துக்கொண்டு, யாரோ விட்டுப்போன ஒரு ஜோடிச் செருப்பை எடுத்துத் தட்டில் நேராக வைத்தார். அதையே மறுபடியும் எடுத்து வைத்தார்.

அல்தாப் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு மாட்டுங்காவுக்குக் கிளம்பினான். முத்துமாரியை டாக்சியில் ஏற்றிக் குர்லாவுக்குக் கொண்டுவருவது அவன் பொறுப்பு. ஸ்ரீலேகா ஒரு ஆட்டோ பிடித்தாள். பூலோகம் கோயில் ஆளிடம் கொட்டகைச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து, ஆட்டோவின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். வழியில் ஒரே ஒரு தடவை பேசினார். தன் சட்டையில் எண்ணெய் வாசனை அடிக்கிறதா என்று கேட்டார்.

குர்லா டெர்மினஸில் வண்டி வந்து நின்றுவிட்டிருந்தது. மூட்டைகளும் பிள்ளைகளுமாகத் தெற்கே போகிற கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில், முத்துமாரி துணிப்பையோடு ஒரு தூணருகே நின்றிருந்தாள். அல்தாப் ஓரடி தள்ளி நின்றிருந்தான்.

பூலோகம் அவளுக்குக் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டார். மேலே நடக்க வரவில்லை. முத்துமாரிதான் வந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. துணி சுற்றிய விரலைப் பார்த்தாள். அவர் கையைப் பிடித்துத் துணியைப் பிரித்தாள். வழவழவென்று இருந்த அந்த விரலை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் துணியைச் சுற்றி, நுனியைச் செருகிவிட்டாள்.

"கடைசியில தம்பிகூட ஆரும் நின்னாவளா?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷமும் அவளிடம் இருந்த கேள்வி அதுதான் என்பது ஸ்ரீலேகாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"சுடுகாட்டுக்குள்ள ஆரையும் விடல," என்றார் பூலோகம். "கேட்டுக்கு வெளிய நின்னேன். எந்தப் பொகை அவன்னு தெரியல. எல்லாம் அடங்குத வரைக்கும் நின்னேன்."

"ஒத்தையிலயா?"

"ஆமா."

ரயில் கிளம்பப் போவதாக ஒலிபெருக்கியில் மூன்று மொழிகளில் சொன்னார்கள். அல்தாப் துணிப்பையை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஏறுங்க அக்கா என்றான். முத்துமாரி ஏறவில்லை. பையை இறக்கச் சொன்னாள். அவன் புரியாமல் நின்றான். அவளே எட்டி அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நீங்க நின்ன அந்த கேட்ட எனக்குக் காட்டுங்க," என்றாள் பூலோகத்திடம்.

அவர் தலையை ஆட்டினார். ஸ்ரீலேகாவைப் பார்த்துக் கும்பிட வந்தவருக்கு, துணி சுற்றிய விரலோடு கையைச் சேர்க்கத் தெரியவில்லை. பாதியில் விட்டுவிட்டார். வண்டி நகர்ந்தது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. முத்துமாரிக்கு ஒதுக்கிய இடம் எந்த ஜன்னலோரம் இருந்ததோ, அதுவும் போயிருக்கும்.

ஸ்ரீலேகாவும் அல்தாபும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்துமாரி முன்னால் நடந்தாள். பூலோகம் பின்னால் நடந்தார். இடையில் நாலைந்து பேர் நடந்து போகிற அளவுக்கு இடம் இருந்தது. திலக் நகர் பக்கம் போகிற நடைபாலத்தின் படிகளில் எதிரே ஒரு பெரும் கூட்டம் இறங்கி வந்தது. அவர் அதற்குள் மாட்டிக்கொண்டார். முத்துமாரி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் மேலே ஏறவும் இல்லை. படியில் அப்படியே நின்றாள். மோதிக்கொண்டு போனவர்கள் திட்டிக்கொண்டே போனார்கள். கூட்டம் வடிந்தது. அவர் வந்து அவள் பக்கத்தில் நின்றார். அதற்குப் பிறகுதான் அவள் அடுத்த படியில் கால் வைத்தாள்.